வறட்சியையும் உப்பையும் தாங்கும் பயறு வகைகள்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்துவிட்ட இப்பகுதியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் வட ஆற்காடு என்றே சொல்கிறார்கள். வேளாண்மை படித்து, இங்குள்ள ஊர்களில் உழவர் கூட்டங்களுக்குச் சென்றுவரும் எனக்குச் சில ஆண்டுகளாக ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஒரு பெரியவர் தம் கிணற்றுமேட்டில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, உப்புத் தண்ணியிலயும் விளையிற மல்லாட்டை வரப்போவுதாமே, நெசமா?" என்று கேட்டார். மல்லாட்டை என்று இங்கு சொல்வது நிலக்கடலையை. அவர் காலடியில் வாய்க்கால் ஓரம் முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மரபணு மாற்றத்தால் இத்தகைய பயிர்களை உருவாக்கும் முயற்சிகள் குறித்து அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை, மற்றவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து, இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

எந்தெந்தப் பயிர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

துவரை, உளுந்து, பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை ஆகியவற்றோடு நிலக்கடலையையும் சேர்த்தே பேசுகிறோம். அரசுக் கணக்கில் நிலக்கடலை எண்ணெய்வித்து என்று வேறு தலைப்பில் வந்தாலும், அது பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த செடிதான். வேரில் முடிச்சு விட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிரின் துணையோடு தனக்கு உணவாக்கிக்கொள்வது இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு.

எங்கள் மாவட்டங்களில் மானாவாரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மல்லாட்டைதான். அதன் நடுவே ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை போடுவார்கள். ஆடிப் பட்டத்தில் விதைத்த பிறகு மழை நன்றாகத் தொடங்கிவிட்டு இடையில் மூன்று வாரம் நின்றுபோவதுதான் இங்கு வழக்கமான வறட்சி. நிலக்கடலைக்கு அந்த மூன்று வாரம் எப்போது வருகிறது என்பதே எல்லாம். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து நீளும் ஊசி மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்க வேண்டும். அந்த நாட்களில் மேல்மண் காய்ந்து இறுகிவிட்டால், செடி உயிரோடு பச்சையாக நின்றாலும் ஊசி மண்ணைத் துளைக்க முடியாமல் நுனி கருகிப்போகும். ஆகவே இப்பயிருக்கு வறட்சியைத் தாங்குவது என்றால் வாடாமல் நிற்பது மட்டுமல்ல, அந்த நேரத்தில் காயும் பிடிப்பது. எந்த ஆய்வின் முடிவைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வறட்சியையும் உப்பையும் ஏன் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள்?

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி மூடி வைத்தால், சற்று நேரத்தில் அது தன் நீரை வெளியே விட்டுவிடுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். மண்ணில் உப்பு மிகும்போது வேருக்கு நேர்வதும் ஏறத்தாழ அதுவே. மண் ஈரமாகவே இருக்கும். ஆனால் அந்த ஈரத்தை வேரால் உறிஞ்ச முடியாது. செடிக்கு அது வறட்சியாகவே படுவதால், வறட்சியில் எழும் அதே தற்காப்புகளை எழுப்புகிறது: இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, வளர்ச்சியை நிறுத்துகிறது, செல்லுக்குள் சர்க்கரை, புரோலின் போன்ற கரைபொருள்களைச் சேர்த்து நீரைப் பிடித்துவைக்க முயல்கிறது.

உப்பில் இதற்கு மேலும் ஒரு தீங்கு உண்டு. வேர் வழியே ஏறும் சோடியமும் குளோரைடும் நாளாக ஆக இலையில் சேர்ந்து நஞ்சாகின்றன. முதிர்ந்த இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் காய்வது இதனால்தான். வறண்ட செடி மழை பெய்தால் தெளிந்துவிடும். இலைக்குள் உப்பேறிய செடி அப்படித் தெளிவதில்லை. எனவே இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களும் உண்டு, உப்புக்கு மட்டுமே உரிய மரபணுக்களும் உண்டு.

மரபணு மாற்றம் என்பது வீரிய ஒட்டு விதையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒட்டுச் சேர்க்கையில் ஒரே இனத்தின், அல்லது நெருங்கிய உறவுள்ள இனங்களின், இரண்டு செடிகளை மகரந்தத்தால் இணைத்து, பிறக்கும் பல்லாயிரம் செடிகளில் நல்லவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம். மரபணு மாற்றத்தில் எந்த உயிரிலிருந்தும் அடையாளம் கண்ட ஒன்றிரண்டு மரபணுக்களை மட்டும் பிரித்தெடுத்து, பயிரின் செல்லுக்குள் நேரடியாகச் சேர்க்கிறோம். முதல் வழி மெதுவானது, ஆனால் பழகியது; இரண்டாவது குறிபார்த்து அடிப்பது, ஆனால் புதிதாக நுழைந்தது என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டியது.

எந்த மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்? பலன் என்ன?

இக்கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும்.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையிலிருந்து தொடங்கலாம். அங்கு ஜேஎல் 24 என்ற நிலக்கடலை ரகத்தில், அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியின் டிரெப்1ஏ என்ற மரபணுவைச் சேர்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். இது தானாக எந்த வேலையும் செய்வதில்லை. வறட்சி வந்தால் காக்கும் பல மரபணுக்களை ஒருசேரத் தட்டி எழுப்பும் தலைமை மரபணு. எப்போதும் விழித்தே இருக்கும்படி இதைச் சேர்த்தால் செடி குட்டையாகிவிடும் என்பதை 1990களின் இறுதியிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள்; அதற்கு மருந்தாக, நீர்ப் பற்றாக்குறை வந்தால் மட்டும் முடுக்கும் ஒரு விசையை அதன் முன்னால் பொருத்தும் வழியையும் அவர்களே காட்டியிருந்தார்கள். அந்த விசையோடு சேர்த்த நிலக்கடலை வரிசைகளில் சில, நீர் குறைந்த நிலையில், ஒரு லிட்டர் நீருக்கு உருவாக்கும் செடிப்பொருளில் 40 சதவீதம் வரை கூடுதல் காட்டின. இந்த 40 மகசூல் சதவீதமன்று. நீரைச் செலவிடும் சிக்கனத்தின் சதவீதம். செய்தித்தாள்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேறொரு வழியில் சென்றார்கள். வறட்சியில் இலை முன்கூட்டியே மூப்படைந்து உதிர்வதைத் தடுக்கும் ஐபிடி என்ற மரபணுவைச் சேர்த்த நிலக்கடலையை வயலில் குறைந்த பாசனத்தில் வளர்த்து, சாதாரணச் செடியைவிடக் கூடுதல் மகசூல் கிடைத்ததை 2011இல் பதிவு செய்தார்கள். தொட்டியில் கிடைத்த பலன் வயலிலும் கிடைப்பது இத்துறையில் அரிது என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

எனக்கு நெருக்கமான கதை நரிப்பயற்றினுடையது. வட இந்தியாவில் மோத் என்று சொல்லப்படும் இப்பயறு, ராஜஸ்தான் மணலில் வேறொன்றும் நிற்காத இடத்தில் நிற்கக்கூடியது. புரோலினை உண்டாக்கும் நொதிக்கான மரபணுவை அதிலிருந்துதான் 1990களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் திருத்திய வடிவம் பின்னர்த் துவரையிலும் கொண்டைக்கடலையிலும் சேர்க்கப்பட்டது. நம் மண்ணின் ஏழைப் பயறு ஒன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்குக் கருவி கொடுத்தது என்பது பெருமைக்குரியது. ஆனால் பலனையும் உள்ளபடி சொல்ல வேண்டும். இக்ரிசாட்டின் கொண்டைக்கடலையில் புரோலின் பல மடங்கு பெருகியது. நீர்ச் சிக்கனமோ மிகச் சிறிதளவே கூடியது. செடிக்குள் ஒரு பொருள் பெருகுவதும் உழவரின் களத்தில் மூட்டை பெருகுவதும் வேறு வேறு.

உப்புக்கென்று மிகுதியாக ஆராயப்பட்டது என்எச்எக்ஸ்1 என்னும் மரபணு. செல்லின் நடுவே நீர் நிரம்பிய பை ஒன்று உண்டு. உள்ளே வந்த சோடியத்தை அந்தப் பைக்குள் தள்ளிப் பூட்டிவைப்பது இதன் வேலை. நிலக்கடலையிலும், குவாஹாட்டி ஐஐடியின் ஆய்வில் பச்சைப்பயறு, காராமணி ஆகியவற்றிலும் இவ்வகை மரபணுவைச் சேர்த்து, உப்பு நீரில் சாதாரணச் செடியைவிட நன்றாக வளர்வதைக் காட்டியிருக்கிறார்கள். சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமோ பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் வெண்கண்டல் மரத்தின் மரபணுக்களைப் பிரித்து நெல்லில் சேர்த்துப் பார்த்தது. கடல்நீரில் வேரூன்றி நிற்கும் மரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வது சரியான இடத்தில் கேட்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மற்றப் பயிர்களில் இல்லாத சிக்கல் பயறு வகைகளில் என்ன?

ஈரமான நாளில் ஒரு காராமணிச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரிலுள்ள கடுகளவு, மிளகளவு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ஏறத்தாழ இறைச்சியின் நிறத்தில் இருக்கும். நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான பொருளின் உறவுப் பொருள்தான் அங்கும் இருக்கிறது. ரைசோபியம் என்ற நுண்ணுயிருக்கு வேண்டிய அளவு மட்டும் பிராணவாயுவை அது பங்கிட்டுக் கொடுக்கிறது. பத்து நாள் காய்ந்த பிறகு இன்னொரு செடியைப் பெயர்த்துக் கீறினால் சிவப்பு மங்கி, பச்சையும் பழுப்புமாகியிருக்கும். இலை வாடத் தொடங்குமுன்பே முடிச்சு வேலையை நிறுத்திவிடுவதுண்டு. உப்பிலும் இதுவே நேர்கிறது. அதோடு புதிய முடிச்சு உருவாவதும் தடைப்படுகிறது.

நெல்லுக்கோ கோதுமைக்கோ வறட்சி என்றால் ஒரு செடி படும் துன்பம். பயறுக்கு அது இரண்டு உயிர்கள் சேர்ந்து நடத்தும் குடித்தனம் கலைவது. இலையைக் காக்கும் மரபணு ஒன்றைச் சேர்த்து, முடிச்சைக் கவனிக்காமல் விட்டால், செடி பச்சையாக நின்றும் மணி சிறுத்துப்போகும். பயற்றுமணியின் புரதத்தில் பெரும்பகுதி அந்தத் தழைச்சத்திலிருந்தே வரவேண்டும் அல்லவா? ஆய்வுக்கூடத்துத் தொட்டிகளில் பெரும்பாலும் தழைச்சத்து கலந்த உரக் கரைசல் ஊற்றியே செடியை வளர்க்கிறார்கள் என்பதால், இந்தக் குறை அங்கே கண்ணில் படுவதில்லை. நம் மானாவாரிக் கொல்லையில் அது முதல் பருவத்திலேயே தெரிந்துவிடும். பயறு வகைகளில் எந்த மரபணு மாற்றத்தையும் முடிச்சோடு சேர்த்துச் சோதிக்காதவரை அதன் பலனை நம்ப நான் தயாராக இல்லை.

மரபணுவை எப்படிச் செடிக்குள் கொண்டுபோகிறார்கள்?

அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிர் இயற்கையிலேயே தன் மரபணுத் துண்டைச் செடிக்குள் செலுத்தக்கூடியது. அதன் நோயுண்டாக்கும் பகுதியை நீக்கி, வேண்டிய மரபணுவை அங்கே வைத்து, முளைவிதையிலிருந்து அறுத்த துண்டுகளை அதில் நனைக்கிறார்கள். பிறகு அத்துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து முழுச் செடியாக்க வேண்டும். பயறு வகைகள் இங்கேதான் முரண்டு பிடிக்கின்றன. புகையிலை எளிதாகத் துளிர்க்கும். உளுந்தும் துவரையும் துளிர்ப்பதே அரிது, துளிர்த்தவற்றிலும் மரபணு ஏறியவை நூற்றுக்கு ஒருசிலவே. இத்துறையில் பயறு வகைகள் பின்தங்கியதற்குப் பணப் பற்றாக்குறை ஒரு காரணம் என்றால் இது மறுகாரணம்.

இப்போது அந்த விதையை வாங்க முடியுமா?

முடியாது. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு விடப்பட்டுள்ள மரபணு மாற்றப் பயிர் 2002இல் ஒப்புதல் பெற்ற பிடி பருத்தி ஒன்றே. பிடி கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் நடுவண் அரசு தடை விதித்தது. டிஎம்எச்-11 என்ற கடுகுக்கு மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2022 அக்டோபரில் இசைவு தந்தபோதிலும், உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள். வறட்சி தாங்கும் துவரையோ நிலக்கடலையோ இந்த வாயிலை இன்னும் எட்டவே இல்லை. யாராவது "உப்பு தாங்கும் மரபணு விதை" என்று பையில் அச்சிட்டு விற்றால், வாங்காமல் வேளாண் அலுவலரிடம் சொல்லுங்கள்.

உலக அளவில் வறட்சிக்கென்று மரபணு மாற்றப்பட்டு வயலுக்கு வந்த பயறுக் குடும்பப் பயிர் அர்ஜென்டினாவின் எச்பி4 சோயா. சூரியகாந்தியின் மரபணு ஒன்றை அதில் சேர்த்திருக்கிறார்கள். 2015இல் அந்நாடு ஒப்புதல் கொடுத்தும், வாங்கும் நாடான சீனா 2022இல் இசைவளிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நைஜீரியாவில் 2019இல் விடப்பட்ட காராமணி, காய்ப்புழுவை எதிர்ப்பது. வறட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மரபணுத் திருத்தம் என்று இப்போது சொல்வது இதுவேதானா?

இல்லை. மரபணு மாற்றத்தில் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். திருத்தத்தில், செடியிடம் ஏற்கெனவே இருக்கும் மரபணுவில் ஓரெழுத்தையோ சில எழுத்துகளையோ மாற்றுகிறோம் அல்லது செயலிழக்கச் செய்கிறோம். முடிவில் அயல் மரபணு எதுவும் மிஞ்சக்கூடாது. இவ்வாறு உருவானவற்றை மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய கடும் விதிகள் சிலவற்றிலிருந்து இந்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கியது. அந்த வழியில் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு நெல் வகைகளில் ஒன்றான பூசா டிஎஸ்டி ரைஸ் 1, வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறனுக்காகவே திருத்தப்பட்டது. அதன் தாய் ரகம் எம்டியு 1010.

பயறுகளுக்கு இந்த வழி திறப்பதற்கான அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. துவரையின் மரபுத்தொகுதி 2011இலும், கொண்டைக்கடலையினுடையது 2013இலும், பயிரிடும் நிலக்கடலையினுடையது 2019இலும் படித்து முடிக்கப்பட்டன. ஆயினும் திருத்திய செல்லையும் முழுச் செடியாக வளர்த்தெடுத்தாக வேண்டும் என்பதால், மேலே சொன்ன துளிர்க்காத சிக்கல் இங்கும் வழிமறிக்கிறது.

பாலாற்றுக் கரையில் உப்பேறிய நிலங்களுக்கு இது தீர்வாகுமா?

பேரணாம்பட்டுப் பெரியவரின் கேள்வி உண்மையில் இதுதான். மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்: ஆகாது.

எங்கள் பகுதியின் உப்பு கடலிலிருந்து வந்ததன்று. தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். தொழிற்சாலையில் அத்தோலை ஊறவைத்துக் கழுவிய நீர் பல பத்தாண்டுகளாக ஆற்றிலும் ஏரியிலும் நிலத்திலும் விடப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30ஆம் நாள் அதே நீதிமன்றம் மீண்டும் இப்பகுதியின் நிலம், நீர், இழப்பீடு ஆகியவை குறித்து ஆணையிட வேண்டியிருந்தது என்பதே, இடைப்பட்ட ஆண்டுகளில் எவ்வளவு சரியாயிற்று என்பதைக் காட்டும்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். சுத்திகரித்து வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. நீரில் உப்பு கூடக் கூட அது மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும் என்பதால், உப்பை மின்கடத்துதிறனாலும் அளப்பார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு, மீட்டருக்கு ஒரு டெசிசைமன்ஸ் மின்கடத்துதிறன் என்று கொண்டால் அது 3.3 ஆகிறது. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பாசன நீர் அட்டவணைப்படி, நிலக்கடலைக்கு 2.1 வரையுள்ள நீரால் இழப்பில்லை, நீர் 3.3ஐத் தொட்டால் மகசூல் பாதியாகிவிடும். அதாவது விதிக்கு முற்றிலும் உட்பட்ட நீரே, தொடர்ந்து பாய்ச்சினால், மல்லாட்டையைப் பாதியாக்கப் போதுமானது. விதியை மீறிய நீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் உள்ள உப்பைப் பொறுத்தவரை, பருத்தி இதே அளவுகோலில் 7.7 வரை தாங்கி, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 5 சதவீதம் போலத்தான் இழக்கும், நிலக்கடலையோ 3.2 வரை தாங்கி, அதைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் 29 சதவீதம் இழக்கும். இவ்வளவு செங்குத்தாக விழும் பயிருக்கு ஒரு மரபணு அந்த எல்லையைச் சற்றே தள்ளிவைக்கலாம். ஆண்டுதோறும் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும் கிணற்றின் முன் அந்தச் சற்று எத்தனை பருவத்துக்கு நிற்கும்?

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. என்எச்எக்ஸ்1 போன்ற மரபணு உப்பைச் செடிக்குள்ளேயே பூட்டிவைக்கிறது. காயைப் பறித்தபின் மல்லாட்டைக் கொடியை நாம் எறிவதில்லை, மாட்டுக்குப் போடுகிறோம். உப்பு மிகுந்த கொடியை மாடு எவ்வளவு தின்னலாம் என்பதும் சோதனையில் அடங்க வேண்டும். அடுத்து, தோல் பதனிடும் இடங்களில் உப்போடு குரோமியமும் சேர்ந்தே வந்திருக்கிறது. சோடியத்தைத் தாங்கும் மரபணுவுக்கும் குரோமியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படிப்பட்ட நிலத்தில் செடி நன்றாக விளைகிறது என்பதையே, விளைந்ததைத் தின்னலாம் என்பதற்குச் சான்றாகக் கொண்டுவிடக் கூடாது. மண்ணுக்குள்ளேயே காய்க்கும் பயிரில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

உப்பு தாங்கும் பயிர் வந்துவிட்டது என்று காட்டி, நிலத்தைக் கெடுத்தவர்களின் பொறுப்பைக் குறைக்க யாரேனும் முனைந்தால், அதை இப்பகுதி உழவர்கள் ஏற்கக் கூடாது. அந்த நிலங்களுக்கு முதலில் வேண்டியவை நல்ல நீரும், வடிகாலும், தீர்ப்பில் சொல்லப்பட்ட ஈடும்தான். வறட்சியின் கதை வேறு. மழை பொய்ப்பதற்கு யார் மீதும் வழக்குப் போட முடியாது. அங்கே இந்த அறிவியலுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

மரபணு மாற்றிய பயற்றை உண்பது பாதுகாப்பானதா?

"எல்லாமே நஞ்சு" என்பதும் தவறு, "எல்லாமே பாதுகாப்பு" என்பதும் தவறு. எந்த மரபணு, எந்தப் பயிர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல சான்றுகள் இரண்டும் பயறுக் குடும்பத்திலிருந்தே கிடைக்கின்றன. சத்தைக் கூட்டுவதற்காகப் பிரேசில் கொட்டையின் புரத மரபணு ஒன்றைச் சோயாவில் சேர்த்தபோது, அக்கொட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தம் அந்தச் சோயாவுக்கும் எதிர்வினை காட்டியது 1996இல் தெரியவந்தது. அச்சோயா சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் மரபணு சேர்த்த பட்டாணி, எலிகளில் எதிர்வினை உண்டாக்கியதால் 2005இல் நிறுத்தப்பட்டது. சோதித்தால் குறை தெரியும் என்பதற்கும், சோதிக்காமல் விடக்கூடாது என்பதற்கும் இவை இரண்டும் சான்று. நிலக்கடலை இயல்பிலேயே சிலருக்கு ஒவ்வாத பயிர் என்பதால் அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் நாட்டு ரகங்களோடு கலந்துவிடாதா? விதை நம் கையில் இருக்குமா?

பயிருக்குப் பயிர் பதில் மாறும். நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது; பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது; அதன் காட்டு உறவினங்கள் இங்கு இல்லை. ஆகவே கலப்புக்கு இடம் குறைவு. துவரை அப்படியன்று. அது பிறந்த நாடே இந்தியா. தேனீக்களால் அயல் மகரந்தம் நன்றாக ஏற்கும். அதன் காட்டு உறவினங்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இன்றும் இருக்கின்றன. எங்கள் ஜவ்வாது மலையும் அத்தொடரைச் சேர்ந்ததுதான். அடுத்த கொல்லையில் விதைத்தது நம் கொல்லைக்கும் வரும். ஆகவே துவரையில் அவசரம் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விதையைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும், வணிகப் பெயர் ஒட்டாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. ஏக்கருக்கு ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் பருப்பு வேண்டிய மல்லாட்டையில் உழவர்கள் தாமே விதை வைத்துக்கொள்வதால், பெரிய விதை நிறுவனங்கள் அதில் முதலீடு செய்வதில்லை. அரசு ஆய்வு நிலையங்கள் செய்தால்தான் உண்டு.

அதுவரை நாங்கள் என்ன செய்வது?

முதலில் உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண் அட்டையில் உள்ள மின்கடத்துதிறன், மண்ணோடு இரண்டு மடங்குக்கும் மேல் நீர் கலந்து அளந்தது. நான் மேலே சொன்ன 3.2 என்பதோ குழைத்த மண்ணிலிருந்து பிழிந்த சாற்றின் அளவு. அட்டையில் 1.5 என்று இருந்தால் 3.2க்குப் பாதிதானே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். நீரால் நீர்த்த எண் அது, உண்மை நிலை அதைவிட மோசமானது.

அடுத்து, உவரையும் களரையும் பிரித்தறியுங்கள். எல்லா வெள்ளை மண்ணுக்கும் ஜிப்சம் கொட்டுவதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். சோடியம் மண் துகளைப் பிடித்துக்கொண்டு கார அமில நிலை 8.5ஐத் தாண்டிய களருக்கு ஜிப்சம் மருந்து. வெறும் உப்பு மிகுந்த உவருக்கு அது பயன்படாது; வடிகால் வெட்டி, நல்ல நீரால் அல்லது மழைநீரால் உப்பைக் கீழே கழுவுவதே வழி. மல்லாட்டைக்கு 40 முதல் 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது காய் திரளச் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் கொடுப்பதற்காக; சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மட்டும் அதைத் தவிர்க்கலாம்.

வறட்சிக்கு, விதையை அரை சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கடினப்படுத்துதல், ரைசோபியம் கலந்து விதைத்தல், துவரை ஊடுபயிர், பண்ணைக் குட்டை ஆகியவை இன்றே கைக்கு எட்டுபவை. திண்டிவனம், விருத்தாசலம் நிலையங்களின் நிலக்கடலை ரகங்களையும், வம்பனின் உளுந்தையும், பையூரின் கொள்ளையும் பற்றி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, உங்கள் மண்ணுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். மல்லாட்டை தோற்ற இடத்தில் கொள்ளு வைத்துப் பார்ப்பதை யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம்.

என் மகள் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறாள். இத்துறையில் அவளுக்கு வேலை இருக்கிறதா?

குடியாத்தத்தில் ஓர் அம்மா கேட்டது இது. நிறைய இருக்கிறது. உளுந்தின் துண்டைத் துளிர்க்க வைக்கும் எளிய வழியை யாராவது கண்டுபிடித்தால் இத்துறையே நகரும். காய்ந்த மண்ணில் முடிச்சின் சிவப்பு மங்காமல் காப்பது எப்படி என்பது இன்னும் தீராத கேள்வி. மழையில்லாத ஆண்டிலும் காய்க்கும் கொள்ளு எந்த மரபணுக்களால் அப்படிக் காய்க்கிறது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன், ஆடியில் விதைத்த கொல்லை ஒன்றில் வாரம் ஒரு செடியைப் பெயர்த்து, முடிச்சை எண்ணி, கீறி, நிறத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டும் ஒரு களைக்கொத்தும் அதற்குப் போதும்.